பழகிவிட்ட குழந்தை மீண்டும் ஜட்டியை நனைக்கத் தொடங்கினால்: இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் தமிழ்ப் பெற்றோர் இணைய இழை

காரைக்கால்மகள், சேன்-தெனி:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு மூன்று வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. மே மாத விடுமுறையிலேயே பகல் நேர டயப்பரை விட்டுவிட்டான். உச்சா வந்தால் வாய்விட்டுச் சொல்வான், ஆய் வந்தால் தானே போய்ச் சட்டியில் உட்காருவான். ஜூலையில் அவனுக்குத் தங்கை பிறந்தாள். ஆகஸ்டு நடுவில் மத்தெர்னெல் என்ற மழலையர் பள்ளி தொடங்கியது. அதன் பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது. பள்ளியில் பெரும்பாலும் நனைக்காமல் இருக்கிறான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கால்சட்டை ஈரமாகிவிடுகிறது. அதைவிட எனக்குக் கவலை தருவது மற்றொன்று. திரைச்சீலைக்குப் பின்னால் போய் முகம் சிவக்க நின்றுகொள்கிறான், சட்டியில் உட்காரச் சொன்னால் அலறுகிறான், சற்று நேரத்துக்குப் பின் ஜட்டியில் பூசினாற்போலக் கொஞ்சம் கறை மட்டும் இருக்கிறது.

ஊரிலிருந்து மாமியார் தொலைபேசியில், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய், ஒரு முறை தொடையில் சூடு காட்டினால் மறந்தும் செய்யமாட்டான் என்கிறார். கணவரோ பேசாமல் டயப்பரையே போட்டுவிடலாம் என்கிறார். பள்ளி வாசலில், சுத்தமாக இருக்கப் பழகாத பிள்ளையை நாள் முழுவதும் வைத்துக்கொள்வது கடினம் என்று சொல்லி அனுப்பினார்கள். இது பிடிவாதமா, பொறாமையா, உடம்புக் கோளாறா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சேன்-அந்த்ரே அப்பா:

சகோதரி, இரண்டாவது குழந்தை பிறந்தபோது எங்கள் மூத்தவளும் இப்படித்தான் செய்தாள். நீ இப்போது அக்கா ஆகிவிட்டாய், அக்காக்கள் ஜட்டியில் போகலாமா என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். அக்காவாக இருப்பதால் அவளுக்கு என்ன லாபம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. டயப்பர் கட்டியிருப்பவள் அம்மா மடியில் இருக்கிறாள், கட்டாதவள் தரையில் நிற்கிறாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்களுக்குப் பயன்பட்டது பெரிய தத்துவம் எதுவுமில்லை. மனைவி கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் நாற்காலிக்கு அருகிலேயே சட்டியைக் கொண்டுவந்து வைத்தோம், ஏனென்றால் விபத்துகளில் பாதி பால் கொடுக்கும் நேரத்தில்தான் நடந்தன. மாலைக் குளியலை முழுமையாக நான் ஏற்றுக்கொண்டேன். அண்ணன் என்ற பட்டத்தைச் சில வாரங்களுக்கு அவன் தலையில் ஏற்றாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

தெற்குச் செவிலி, சேன்-பியேர்:

வணக்கம். நான் சிறு குழந்தைகள் நலப் பிரிவில் பல ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். தங்கை பிறந்தது, பள்ளி தொடங்கியது இரண்டும் காரணங்கள்தாம், அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் என் கண் போய் நின்ற இடம் திரைச்சீலைதான். முகம் சிவக்க, கால்களைப் பின்னிக்கொண்டு, விரல் நுனியில் நிற்கும் பிள்ளை முக்குகிறான் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அவன் வெளியே விடாமல் அடக்குகிறான். ஒருமுறை கெட்டியாகப் போய் வலித்திருந்தால், அல்லது பள்ளிக் கழிப்பறையில் போகப் பிடிக்காமல் அடக்கத் தொடங்கியிருந்தால் இது இப்படித்தான் ஆரம்பிக்கும். அடக்க அடக்க மலக்குடல் அந்த மலத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும், மலம் இன்னும் இறுகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும், ஆகையால் இன்னும் அடக்குவான். நாளடைவில் குடல் விரிந்து, வந்துவிட்டது என்ற உணர்வே மங்கிவிடும். அப்போது இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு இளகியது கொஞ்சம் கசிந்து ஜட்டியில் பூசும். இந்தக் கசிவு அவனுக்குத் தெரிவதே இல்லை. இதற்காக அவனைத் திட்டுவது, தூக்கத்தில் குறட்டை விட்டதற்காகத் திட்டுவதற்குச் சமம்.

நனைப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நிறைந்து கிடக்கும் மலக்குடல் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் அதில் கொள்ளும் அளவு குறைகிறது. அவசரம் திடீரென்று வருகிறது. எனவே உச்சா பிரச்சினை என்று வருகிற குழந்தைகள் பலருக்கு நாங்கள் முதலில் வயிற்றைத்தான் தொட்டுப் பார்க்கிறோம்.

நீங்கள் செய்யவேண்டியது, சில நாட்கள் மலம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக் குறித்துவைப்பது. பிரிஸ்டல் அளவுகோல் என்ற ஏழு படங்கள் கொண்ட அட்டையை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆட்டுப் புழுக்கை போன்ற உருண்டைகளும், முண்டும் முடிச்சுமான கட்டியும் அதன் முதல் இரண்டு வகைகள். அவை மலச்சிக்கலைக் குறிக்கும். தினமும் போகிறான் என்பதாலேயே சிக்கல் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். குறிப்போடு மருத்துவரிடமோ, உங்கள் பகுதியிலுள்ள பெ.எம்.இ. என்ற தாய்-சேய் நல நிலையத்துக்கோ செல்லுங்கள், ஆறு வயது வரை அங்கே பார்ப்பது இலவசம். சிறுநீரையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள், கிருமித் தொற்று இருந்தால் அது உடனே தெரிந்துவிடும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு சிறுநீர் எரிச்சல், மலத்தில் இரத்தம், வயிறு உப்பி வாந்தி, நடையில் தடுமாற்றம் ஆகியவை இருந்தால் நாள் கடத்தக் கூடாது. குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் தண்ணீர் என்று குடித்து, அடிக்கடி சிறுநீர் போய், உடல் மெலிந்தால் அன்றைக்கே இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சிறுவர்களுக்கு வரும் நீரிழிவு சில வேளைகளில் இப்படித்தான், பழகிய பிள்ளை மீண்டும் நனைப்பதாக, முதலில் தலைகாட்டும்.

லெ போர் பாட்டி:

படித்தவர்கள் சொல்வதற்கு நான் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை, அம்மா. ஆனாலும் எங்கள் காலத்தில் ஒரு வயதுப் பிள்ளை ஜட்டியில் போனதாக எனக்கு நினைவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கும் நடுவில் குழந்தையைக் குந்தவைத்து, உஸ் என்று ஓசை கொடுத்தால் கடமை முடிந்துவிடும். ஈரத் துணி உடம்பில் ஒட்டும்போது அதற்கே அருவருப்பு வந்து அழும். இப்போதைய டயப்பர் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் தான் போனதே பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது. மூன்று வயது வரை அதில் போகச் சொல்லிவிட்டு, நாலாவது வயதில் அதில் போகாதே என்றால் அது எங்கே போகும்?

சூடு வைக்கச் சொல்லும் சம்பந்தியம்மாளிடம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பயந்த பிள்ளைக்கு வயிறு இறுகும், இளகாது.

தெற்குச் செவிலி:

பாட்டியம்மா, கடைசி வரியை எங்கள் நிலையத்துச் சுவரில் எழுதி ஒட்டவேண்டும். நீங்கள் சொன்ன பாதத்தில் குந்தவைக்கும் முறையைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். அதில் தாய் குழந்தையின் முகக்குறியைப் படிக்கக் கற்றுக்கொள்கிறாள், குழந்தை ஓர் ஓசைக்கும் உட்காரும் ஒரு நிலைக்கும் பழகுகிறது. ஆனால் முகக்குறியைப் படிக்க ஒருவர் எப்போதும் பக்கத்திலேயே இருந்தால்தான் அது நடக்கும். பள்ளி வகுப்பில் ஒரு சிறுவன் விளையாட்டை நிறுத்திவிட்டு, வருகிறது என்று தானே உணர்ந்து, பெரியவரிடம் கேட்டு, கால்சட்டையை இறக்கும் வரை தாங்க வேண்டும். இது வேறு திறமை, இதற்கு வேறு வயது.

உட்காரும் நிலை பற்றி உங்கள் பக்கமே நியாயம். குந்தியிருக்கும்போது மலக்குடலின் வளைவு நேராகிறது. பெரியவர்களின் கழிப்பறை இருக்கையில் கால் தொங்க உட்காரும் பிள்ளைக்கு அது நேராவதில்லை, முக்கவும் பிடிமானமில்லை. பாதம் முழுவதும் பதியும் உயரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, முழங்கால்கள் இடுப்புக்குச் சற்று மேலே இருக்கும்படி, உடலைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து உட்காரவையுங்கள். உணவு வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் தானாக அசையும். ஆகவே சாப்பிட்ட இருபது முப்பது நிமிடத்துக்குப் பின், ஐந்து நிமிடம் மட்டும் உட்காரட்டும். வந்தாலும் வராவிட்டாலும் எழுந்துவிடலாம்.

பள்ளிக்கூடத்து அம்மா, சேன்-போல்:

பள்ளி வாசலில் சொன்னதைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் பெற்றோர் பலர் அந்த ஒரு வார்த்தையில் கலங்கிப்போகிறார்கள். 2019 ஆம் ஆண்டின் சட்டப்படி பிரான்சில் மூன்று வயதிலிருந்தே கல்வி கட்டாயம், நம் தீவிலும் அதுவே சட்டம். கட்டாயமாக்கப்பட்ட பள்ளியில், டயப்பர் விடவில்லை என்ற காரணத்தைக் காட்டி மூன்று வயதுக் குழந்தையைச் சேர்க்க மறுக்க முடியாது. அதே நேரத்தில், முதலாண்டாகிய பெத்தித் செக்சியோன் குழந்தைகளுக்குப் பிற்பகல் வருகையைத் தளர்த்தித் தரும்படி பெற்றோர் தாமாகக் கேட்கலாம். அது பெற்றோர் கேட்டுப் பெறும் சலுகை, பள்ளி விதிக்கும் தண்டனை இல்லை. பொதுவாகப் பிள்ளைகள் நனைப்பது மதியத் தூக்கத்தில்தான் என்பதால் சில வாரங்களுக்கு இதைக் கேட்டுப்பெறுவது நல்ல வழிதான், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால். உங்களுக்குக் கைக்குழந்தை இருப்பதால் நீங்களே எடைபோடுங்கள்.

அதே 2019 இல் மற்றொரு சட்டமும் வந்தது: பெற்றோர் அதிகாரத்தை உடல் வன்முறையோ மன வன்முறையோ இல்லாமல் செலுத்த வேண்டும் என்று குடியியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். மாமியாரிடம் சட்டம் பேசினால் எடுபடாது என்பது எனக்கும் தெரியும். மருத்துவர் வேண்டாம் என்றார் என்று சொல்லிப் பாருங்கள்.

இனி, நான் அன்றாடம் பார்ப்பவை. பட்டன், பெல்ட், தோள்பட்டி வைத்த ஆடைகளைப் பள்ளி நாட்களில் தவிர்த்துவிடுங்கள். இழுத்தால் இறங்கும் எலாஸ்டிக் கால்சட்டை போதும். மாற்றுடையோடு மாற்றுச் செருப்பையும் பையில் வையுங்கள், நனைந்த செருப்பைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பல பள்ளிகளில் சிறுவர் கழிப்பறைக்குக் கதவு கிடையாது, எல்லோரும் வரிசையாக ஒரே நேரத்தில் போவார்கள், தண்ணீர் இழுக்கும் சத்தம் சுவரில் மோதி எதிரொலிக்கும். வீட்டில் தனியாகப் போய்ப் பழகிய பிள்ளைக்கு இது திகிலாக இருக்கும். வகுப்பு உதவியாளரான அத்செம் அம்மையாரிடம் தனியாகப் பேசி, வரிசை முடிந்த பிறகு உங்கள் மகனை அழைத்துச் செல்ல இயலுமா என்று கேளுங்கள். அவர்களில் பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். கேட்பதற்கான பிரெஞ்சு வாக்கியம் அவன் வாயில் வருகிறதா என்றும் பாருங்கள். தமிழ் மட்டும் பேசிய வீட்டிலிருந்து போகும் பிள்ளைகள் கேட்கத் தெரியாமலேயே அடக்கிக்கொள்வதுண்டு.

மலைச்சாரல், சலாசி:

பள்ளி, தங்கை எதுவும் இல்லாமலும் இது நடக்கும் என்று சொல்லவே எழுதுகிறேன். 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் அடித்தபோது எங்கள் மகள் டயப்பரை விட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. புயலுக்குப் பின் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லை. வாளித் தண்ணீரைச் சிக்கனமாக ஊற்றினோம், இருட்டில் மெழுகுவத்தியோடு கழிப்பறைக்கு அழைத்துப்போனோம். அவள் அங்கே போகவே மறுத்துவிட்டாள். எல்லாம் சீரான பிறகும் காற்று பலமாக அடித்தால் ஜட்டியிலேயே போய்விடுவாள். நாங்கள் எதுவும் பேசாமல் சட்டியைப் படுக்கையறைக்குக் கொண்டுவந்து, ஒரு சிறு விளக்கை இரவு முழுவதும் எரியவிட்டோம். தானாகவே சரியானது. புயல் காலம் வருவதற்குள் ஒரு மூடியுள்ள சட்டியும் கைவிளக்கும் எடுத்துவைப்பது நல்லது, சிறு பிள்ளை உள்ள வீடுகளில்.

வில்லியனூரான், லெ தம்போன்:

ஒரு விஷயத்தில் இங்கே யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை: டயப்பரைத் திரும்பப் போடலாமா கூடாதா? என் கருத்து, கூடவே கூடாது. ஏறிய படியிலிருந்து இறக்கினால் குழந்தைக்குக் குழப்பம்தான் மிஞ்சும். எங்கள் மகனுக்கு நட்சத்திரம் ஒட்டும் அட்டை வைத்தோம். நனைக்காத நாளுக்கு ஒரு நட்சத்திரம், நனைத்தால் ஒன்று பறிபோகும். நன்றாகவே வேலை செய்தது.

சேன்-அந்த்ரே அப்பா:

பறிப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை, ஐயா. சம்பாதித்ததைப் பறித்தால் பெரியவர்களுக்கே ஆத்திரம் வரும். எங்கள் மகள் இரண்டாம் நாளே அட்டையைக் கிழித்துவிட்டாள்.

தெற்குச் செவிலி:

டயப்பர் கேள்விக்கு ஒரே விடை இல்லை. எதற்காகப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். விளையாட்டு மும்முரத்தில் நனைப்பவனுக்கு டயப்பர் தேவையில்லை. மாற்றுடையும், விளையாட்டுக்கு நடுவில் நீங்கள் நினைவூட்டுவதும் போதும். சினத்தால் போடப்படும் டயப்பர் யாருக்குமே தேவையில்லை, அது அவமானப்படுத்துவது. ஆனால் ஆய் போவதற்குப் பயந்து அடக்குகிறவன் டயப்பர் கேட்டால், கொடுத்துவிடுங்கள். அடக்கிக் குடலை விரியவிடுவதைவிட டயப்பரில் போவது நூறு மடங்கு மேல். அதிலிருந்து படிப்படியாக நகரலாம்: முதலில் டயப்பரோடு கழிப்பறைக்குள் நின்றுகொண்டு போகட்டும், பின்பு டயப்பரோடு சட்டியில் உட்காரட்டும், பின்பு டயப்பரை ஒட்டாமல் சட்டிக்குள் விரித்துவைக்கலாம். ஒவ்வொரு படியும் அவனுக்குச் சலிப்பூட்டும் அளவுக்குப் பழகிய பிறகே அடுத்தது.

நட்சத்திரத்தைப் பொறுத்தவரை, அவன் கையில் இருப்பதற்கு மட்டும் பரிசு கொடுங்கள். ஐந்து நிமிடம் உட்காருவது அவன் கையில் இருக்கிறது. மலம் வருவதும், உறங்கும்போது நனைக்காமல் இருப்பதும் அவன் கையில் இல்லை. வில்லியனூரான் ஐயாவின் மகனுக்கு உடம்பில் தடையேதும் இருந்திருக்காது, அதனால் அட்டை பலித்தது. சிக்கல் உள்ள பிள்ளையிடம் அதே அட்டை அன்றாடத் தோல்விப் பட்டியலாகிவிடும்.

நனைத்த பிறகு என்ன சொல்வது என்று கேட்கிறவர்கள் உண்டு. நனைந்துவிட்டது, வா மாற்றலாம், அவ்வளவே. நனைந்த ஜட்டியைக் கூடையில் போடுவதை அவனே செய்யட்டும், தண்டனைபோல இல்லாமல், கை கழுவுவதுபோல.

காரைக்கால்மகள்:

உங்கள் அனைவருக்கும் நன்றி. நிலையத்துக்குப் போய்வந்தோம். சிறுநீர்ச் சோதனையில் குறையில்லை. மருத்துவர் வயிற்றைத் தொட்டவுடனேயே இடப்பக்கம் கட்டியாக இருப்பதை எனக்கும் தொட்டுக்காட்டினார். மலத்தை இளக்கும் மேக்ரோகோல் தூள் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் சில நாட்கள் அளவு கூடுதலாகவும், பின்பு மலம் இளகியபடியே இருக்கும் அளவுக்குக் குறைத்தும் தரவேண்டும் என்றார். பாலைப் பற்றிக் கேட்டபோதுதான் எனக்குச் சுரீர் என்றது: தங்கை பிறந்தது முதல் அவனும் புட்டி கேட்டு, நாங்களும் கொடுத்து, ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பால் உள்ளே போய்க்கொண்டிருந்தது, சோற்றுக்கு வயிற்றில் இடமே இல்லை. அரை லிட்டருக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இப்போது இங்கே சிலாவோஸ் ஊரில் விளையும் பருப்பைக் குழைய வேகவைத்து, கீரையை மசித்துச் சோற்றில் பிசைந்து கொடுக்கிறேன், பப்பாளிக்குப் பஞ்சமில்லை. கணவர் மாலைக் குளியலை எடுத்துக்கொண்டார். கேட்டால் டயப்பர் கொடுக்கிறோம், கழிப்பறைக்குள் நின்று போகிறான். திரைச்சீலைப் பக்கம் போவது குறைந்துவிட்டது, மாலையில் நனைப்பதும் குறைந்திருக்கிறது. இளகிவிட்டதே, மருந்தை நிறுத்திவிடலாமா என்று கணவர் கேட்கிறார். இத்தனை நாள் கொடுத்தால் குடல் மருந்துக்கு அடிமையாகிவிடும் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள்.

தெற்குச் செவிலி:

நிறுத்தாதீர்கள். நான் பார்க்கும் குழந்தைகளில் மீண்டும் மீண்டும் திரும்பி வருகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்தியவர்கள்தாம். விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்கவும், போனால் வலிக்காது என்று பிள்ளையின் மனம் நம்பவும் மாதக் கணக்கில் ஆகும். மேக்ரோகோல் குடலைத் தூண்டிவிடும் பேதி மருந்து வகை இல்லை. அது உடம்பில் ஏறக்குறைய சேருவதே இல்லை, நீரைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். ஆகையால் அதற்குக் குடல் அடிமையாவதில்லை. குறைப்பதை மருத்துவரோடு பேசி மெதுவாகக் குறையுங்கள். தண்ணீர் போதிய அளவு குடிக்கட்டும், இங்கே கோடையான டிசம்பர் வெயிலில் இன்னும் கூடுதலாக.

மலைச்சாரல், சலாசி:

இடையில் ஒரு கேள்வி. பகலில் எல்லாம் சரி, இரவில் மட்டும் எங்கள் நான்கு வயது மகள் நனைக்கிறாள். மாலைக்குப் பின் தண்ணீரை நிறுத்தி, நள்ளிரவில் எழுப்பி அழைத்துப்போகலாமா?

தெற்குச் செவிலி:

பகலில் பழகுவது வேறு, இரவு வறண்டிருப்பது வேறு. இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோன் போதிய அளவு சுரப்பதும், பை நிறைந்தால் உறக்கம் கலைவதும் உடல் வளர்ச்சியோடு வருபவை. பயிற்சியால் முன்கூட்டி வரவழைக்க முடியாது. ஐந்து வயதில்கூட நூற்றுக்கு ஏறக்குறைய 15 குழந்தைகள் இரவில் நனைக்கிறார்கள், அதற்கு முன்பு இதை நோயாகவே நாங்கள் கணக்கிடுவதில்லை. பெற்றோர் இருவரும் சிறுவயதில் நனைத்தவர்கள் என்றால் பிள்ளையும் நனைக்க வாய்ப்பு மிக அதிகம். எனவே வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள், பல இரகசியங்கள் வெளிவரும். தாகத்துக்குத் தண்ணீர் மறுக்க வேண்டாம், பகலில் நிறையக் கொடுத்து மாலையில் அளவாகக் கொடுங்கள். எழுப்பி அழைத்துப்போனால் உங்கள் மெத்தை காயும், அவ்வளவுதான். அவள் கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. நீர் புகாத விரிப்பு ஒன்றை வாங்கிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ இரவில் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று தொடங்கினால், அப்போது காரணம் தேடவேண்டும்.

காரைக்கால்மகள்:

டிசம்பர் விடுமுறைக்குச் சென்னை வழியாக ஊருக்குப் போகிறோம். விமானத்திலும், அங்கிருந்து காரைக்கால் வரை சாலைப் பயணத்திலும் மீண்டும் அடக்கிக்கொள்வானோ என்று அஞ்சுகிறேன். மாமியார் வீட்டில் இந்திய முறைக் கழிப்பறைதான் இருக்கிறது.

லெ போர் பாட்டி:

அது நல்லதுக்குத்தான், மகளே. குந்தி உட்கார்ந்தால் எளிதாகப் போகும். ஆனால் குழி பெரிதாக இருக்கும், விழுந்துவிடுவோம் என்று பயப்படுவான். முதல் சில நாள் நீ முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொள்.

தெற்குச் செவிலி:

வீட்டில் பயன்படுத்தும் அதே சட்டியைப் பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள், இடத்தை அடைத்தாலும் பரவாயில்லை. விமானத்திலும் காரிலும் பயணத்துக்கான டயப்பரைத் தயங்காமல் போடுங்கள். பயணத்துக்கு மட்டும் என்று முன்பே அவனிடம் சொல்லிவிட்டால் போதும். மருந்துத் தூள் விடுமுறை முழுவதற்கும் தேவையான அளவோடு மருத்துவர் சீட்டின் நகலும் கைப்பையில் இருக்கட்டும். சாப்பிட்ட பிறகு உட்காரும் அந்த ஐந்து நிமிடத்தை விருந்துக்குப் போகும் வீடுகளிலும் விட்டுவிடாதீர்கள்.